சம்பளம் வாங்காத பள்ளிக்கூடம்



பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டவேண்டிய நாட்கள் வந்தால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எதை அடகு வைப்பது, யாரிடம் கைமாற்று கேட்பது என்று தாயும் தகப்பனும் இரவெல்லாம் கணக்குப் பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்தாரை இரண்டு வார்த்தை திட்டாதவர்கள் சொற்பம். சரி, சம்பளமே வாங்காமல் ஒரு பள்ளிக்கூடம் நடக்கவேண்டுமானால் அங்கே பாடஞ் சொல்லுகிற வாத்தியாருக்குச் சோறு போடுவது யார்? இந்தக் கேள்வியோடு நாற்பது வருஷம் போராடிய ஒரு குருவானவரின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

பிரான்ஸ் தேசத்து ரேம்ஸ் பட்டணத்தில் 1651-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி பிறந்தவர் அர்ச். ஸ்நாபக அருளப்பர் தெ லா சால். தகப்பனார் நீதிபதி, குடும்பமோ செல்வக் குடும்பம். பதினாறாம் வயதிலேயே அப்பட்டணத்துப் பெரிய கோவிலில் அவருக்குக் கானன் பதவி கிடைத்தது. அதாவது, அதிமேற்றிராணியாருடைய கோவிலில் கூடிச் செபிக்கும் சபையில் ஓர் ஆசனமும், ஆயுசுக்கும் குறையாத வருமானமும். இருபத்தோராம் வயதுக்குள் தாயும் தகப்பனும் இறந்துபோக, தம்பி தங்கைகளின் பாரம் அவர் தலையில் விழுந்தது. 1678-ல் குருப்பட்டம் பெற்றார்.

மறு வருஷம் ரூவான் பட்டணத்திலிருந்து நியேல் என்னும் ஒருவர் வந்து சேர்ந்தார். ஏழைப் பையன்களுக்கு இலவசப் பள்ளிக்கூடம் திறக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அவரை அனுப்பிய மாயெஃபேர் சீமாட்டி செலவுக்கென்று வருஷத்துக்கு 300 லீவர் தருவதாகச் சொல்லியிருந்தாள். லீவர் என்பது அக்காலத்துப் பிரெஞ்சுப் பணம். தெ லா சால் ஆலோசனை சொன்னார், இடம் பார்த்துக் கொடுத்தார். அத்தோடு தம் வேலை முடிந்தது என்று நினைத்தார். நியேலோ ஒரு பள்ளி திறந்த கையோடு அடுத்ததைத் திறக்க ஓடுகிறவர். திறந்த பள்ளியைக் கவனிக்க ஆளில்லை. கூலிக்கு வந்த வாத்திமார்கள் படிப்பிலும் பழக்கத்திலும் குறைந்தவர்கள். தங்க இடமில்லை, நேரத்துக்குச் சாப்பாடில்லை. தெ லா சால் முதலில் அவர்களைத் தம் பந்திக்கு அழைத்தார். 1681-ல் தம்முடைய நாமகரணத் திருநாளன்று தம் வீட்டிலேயே குடிவைத்தார். உறவினர் கொதித்தெழுந்தார்கள். தம்பிமாரில் சிலரை அவர் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்கும் இது எளிதாயிருக்கவில்லை. ஆரம்பத்தில் இந்த வாத்திமார்களைத் தம் வேலைக்காரனுக்கும் கீழாகவே எண்ணியதாகப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இதை மறைக்காமல் எழுதிவைத்ததற்காகவே அவர் பேரில் நமக்கு அன்பு உண்டாகிறது.

வாத்திமார்கள் மனதிலோ ஒரு பயம் அரித்துக்கொண்டிருந்தது. இன்று பள்ளி நடக்கிறது. நாளைக்குத் தருமம் செய்கிறவர் கை நின்றுபோனால்? வியாதி வந்தால்? வயதாகிவிட்டால்? தேவ பராமரிப்பை நம்புங்கள், ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கள் என்று அவர் அழகாகப் பிரசங்கித்தார். அவர்கள் சொன்ன பதில் அவரை ஊமையாக்கிற்று. உமக்குச் சொத்து இருக்கிறது, கானன் வருமானம் இருக்கிறது. பள்ளி மூடினாலும் நீர் பட்டினி கிடக்கமாட்டீர், நாங்கள்தான் தெருவில் நிற்போம் என்பது அந்தப் பதிலின் சாரம். வாசகரே, பள்ளிகளின் பணக்கஷ்டத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அதன் நடுநாடி அந்த வாத்திமார்களின் வாயில் அன்றைக்கே வந்துவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. அவர்கள் சொல்வது நியாயம் என்று கண்டார். 1683-ல் கானன் பதவியைத் துறந்தார். தம்பிக்காவது கொடு என்று எத்தனை பேர் சொல்லியும் கேளாமல், ஓர் ஏழைக் குருவுக்கு அதை விட்டுக்கொடுத்தார். மிஞ்சியது தகப்பன் வழிச் சொத்து. அதைப் பள்ளிகளுக்கு மூலதனமாக வைத்தால் என்ன? பாரீஸ் நகரில் பாரே என்னும் சந்நியாசியாரிடம் ஆலோசனை கேட்டார். மூலதனத்தின்மேல் கட்டவேண்டாம், பராமரிப்பின்மேல் கட்டும் என்றார் அவர். 1684-ல் கடும் பஞ்சம் வந்தது. தெ லா சால் தம் சொத்தையெல்லாம் ரொட்டியாக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்ட குடும்பங்களுக்கும், வாசலுக்கு வந்த ஏழைகளுக்கும் பங்கிட்டார். பஞ்சம் தீர்ந்தபோது அவரும் தம் வாத்திமார்களைப்போலவே ஒன்றுமில்லாதவராயிருந்தார்.

அவர் செய்தது புத்தியா? குடும்பம் நடத்துகிற உங்களைக் கேட்டால், பாதியையாவது பள்ளிக்கு எழுதிவைத்திருக்கலாம் என்பீர்கள். எங்களுக்கும் அப்படித் தோன்றாமலில்லை. பின்னால் அவரும் அவர் பிள்ளைகளும் பட்ட பாட்டைப் பார்த்தால் அந்த எண்ணம் வலுக்கிறது. ஆனால் அன்றுமுதல் எந்த வாத்தியாரும் அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பழைய பதிலைச் சொல்ல இடமில்லாமற் போயிற்று.

பணம் தேடி வந்ததும் உண்டு. பள்ளிகளை ரேம்ஸ் மேற்றிராசனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் செலவைத் தாம் பார்த்துக்கொள்வதாக அதிமேற்றிராணியார் லெ தெல்லியே சொன்னார். வேறு ஊர்ப் பிள்ளைகளை நினைத்து வேண்டாமென்றார் தெ லா சால். 1688-ல் பாரீஸ் போய் அங்கே பள்ளி ஏற்றார். அவருடைய சகோதரர்கள் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிடாமல் வகுப்பாக உட்காரவைத்து ஒரே பாடத்தைக் கற்பித்தார்கள். இலத்தீனுக்கு முன் தாய்மொழியில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்சக் காலமே பள்ளியில் இருக்கக்கூடிய ஏழைப் பையனுக்கு அது பெரிய லாபம்.

அங்கேதான் வழக்குகள் ஆரம்பித்தன. பாரீஸில் எழுத்து கற்பிக்கும் வாத்திமார்கள் சங்கமாய்ச் சேர்ந்து சம்பளத்தால் பிழைத்து வந்தவர்கள். தருமப் பள்ளி ஏழைகளுக்கு மட்டுமே என்பது சட்டம். இந்தச் சகோதரர்களோ கொடுக்கக்கூடியவன் பிள்ளையையும் சும்மா சேர்க்கிறார்கள் என்பது அவர்கள் முறையீடு. அவர்களுக்கும் வயிறு உண்டு என்பதை மறக்கவேண்டாம். வாசலில் நிற்கிற பையனிடம் உன் தகப்பன் ஏழையா என்று விசாரிக்க தெ லா சாலுக்கு மனம் வரவில்லை. 1704-ல் தீர்ப்பு அவருக்கு விரோதமாகி அபராதமும் விழுந்தது.

அதற்கு முன்பே 1691-ல், சகோதரர்கள் பலர் விலகிப்போய் எல்லாம் கவிழப் போகிறதுபோல் இருந்த வேளையில், இரண்டு பேரோடு சேர்ந்து அவர் ஒரு வார்த்தைப்பாடு கொடுத்திருந்தார். பிச்சையெடுத்து வெறும் ரொட்டி தின்ன நேர்ந்தாலும் இந்த வேலையை விடுவதில்லை என்பதே அது. அந்த இருவரில் துரோலான் ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டு, அங்கே தனியாக, தரித்திரத்தில், 1728 வரையில் பிரமாணிக்கமாய் இருந்தார். மற்றவர் வுயார். நாட்டுப்புற வாத்திமார்களைப் பழக்கும் பள்ளி ஒன்றுக்கு அவர் தலைவர். சபைக்குச் சட்டப்படி சொத்து வைத்துக்கொள்ள உரிமையில்லாததால், அவ்விடத்துப் பங்குச் சுவாமியார் பள்ளிக்கென்று விட்டுப்போன பணத்தை வுயார் பேரிலேயே எழுதினார். வுயார் அந்தப் பணத்தைத் தமதென்று சொல்லிச் சபையைவிட்டுப் போய்விட்டார். பள்ளியும் அழிந்தது.

1705 முதல் ரூவானுக்கு அடுத்த சேன்-யோன் என்னுமிடத்தில் அவர் ஒரு விடுதிப் பள்ளி நடத்தினார். வியாபாரிகளின் பிள்ளைகள் கணக்கும் வர்த்தகமும் படித்தார்கள். அவர்கள் கட்டிய பணம் நவசந்நியாசிகளுக்குச் சோறானது. ஆம், சம்பளம் வாங்கினார். இருக்கிறவன் கொடுக்கட்டும், ஆனால் பங்குப் பள்ளியில் ஒரு காசும் வாங்கக்கூடாது என்பது அவர் கணக்கு.

பெரிய அடி இனிமேல்தான் விழுந்தது. கிளெமான் என்னும் செல்வந்தர் வீட்டு இளைஞன், வாத்திமார்களைப் பழக்க ஒரு வீடு வாங்குவோம் என்று அவரை விடாமல் வற்புறுத்தினான். அவன் எழுதிக்கொடுத்த சீட்டை நம்பி அவர் 5,200 லீவர் கொடுத்தார். மகன் இன்னும் வயது நிரம்பாதவன் என்று தகப்பன் வழக்காட, மைனரை ஏமாற்றியவர் என்று 1712-ல் தீர்ப்பாயிற்று. பணம் போயிற்று, பெயரும் போயிற்று. மனமுடைந்து தென் பிரான்ஸ் பக்கம் போனவர் ஏறக்குறைய இரண்டு வருஷம் திரும்பவில்லை. தம்மால்தான் சபைக்குக் கேடு என்று எண்ணினார். 1714-ல் பாரீஸ் சகோதரர்கள், கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டின் பேரால் உடனே வரும்படி அவருக்கே கட்டளை எழுதினார்கள். வந்தார்.

1719-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, சேன்-யோனில் உயிர்விட்டார். அப்போது சகோதரர்கள் நூறு பேரளவில் இருந்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட பட்டணங்களில் பள்ளிகள் நடந்தன. 1900-ல் அவருக்கு அர்ச்சிஷ்டர் பட்டமும், 1950-ல் ஆசிரியர்களின் பாதுகாவலர் என்ற பட்டமும் கிடைத்தன. சபை தன் பேரிலேயே சொத்து வைத்துக்கொள்ளலாம் என்ற அரச சாசனம் மட்டும் 1724-ல், அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்தே வந்தது.