அம்மம்மாவின் தகரப் பெட்டியும் ரி.பி. ராஜலட்சுமியும்

கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுச் சாமியறையில் அம்மம்மாவின் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். ஒன்றின் அட்டையில் ரி.பி. ராஜலட்சுமியின் படம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அதைத் தூக்கி வர முடியவில்லை. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. அந்த முகம் மட்டும் நினைவில் தங்கியது.

ராஜலட்சுமி 1911இல் திருவையாற்றில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே கலியாணம் செய்து வைத்தார்கள். சீதனப் பிரச்சினையில் அது முறிந்தது. தகப்பனும் இறந்துபோக, தாயோடு திருச்சிக்கு வந்தார். கையில் இருந்தது பாட்டு மட்டும்தான். குடும்பப் பெண்கள் மேடையேறினால் ஊர் தூற்றும் காலம் அது. அவரோ நாடகக் கம்பெனியில் சேர்ந்து, உழைத்துத் தாயையும் காப்பாற்றினார்.

1920களின் இறுதியில் மௌனப் படங்களில் நடிக்கும் வாய்ப்பு வந்தது. பாடிப் பெயர் வாங்கியவர், குரலே கேட்காத திரையில் 'கோவலன்' போன்ற படங்களில் நடித்தார். அதே காலத்தில், 1928இல், ஹொலிவூட்டில் கிங் விடோர் 'ஷோ பீப்பிள்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். நடிகையாகும் ஆசையோடு தகப்பனுடன் வரும் ஒரு பெண்ணைப் பற்றிய காதல் நகைச்சுவை. அந்தப் பெண் புகழைத் தேடி வந்தாள். ராஜலட்சுமி சோற்றைத் தேடி வந்தார்.

1931 ஒக்டோபர் 31இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளியானது. நாயகன் தெலுங்கில் பேச, நாயகி ராஜலட்சுமி தமிழில் பேசினார். சனம் அவரைச் சினிமா ராணி என்றது. 1936இல் தான் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். விருப்பமில்லாத கலியாணத்தில் அகப்பட்ட பெண்ணின் கதை. இந்தியாவில் அதற்கு முன் படம் இயக்கிய பெண்ணாக அறியப்பட்டவர் பாத்மா பேகம். தென்னிந்தியாவில் ராஜலட்சுமியே முதலாமவர்.

பெண் சிசுக்கொலையிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றித் தன் பிள்ளையாகவே வளர்த்தார். சொந்தப் படங்களில் பணத்தை இழந்தார். 1964இல் காலமானார். 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' இரண்டின் பிரதியும் இன்று கிடைப்பதில்லை.

இழப்பு எங்களுக்குப் புதிதல்ல. 1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. ஆனாலும் எனக்கு இவர் முக்கியமாகப்படுவது வேறொரு காரணத்தால். துணையை இழந்து, பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் போனாலும் கதை, போகாவிட்டாலும் கதை. நூறு வருடத்துக்கு முன் ஒரு சிறுமி அந்தக் கதைகளுக்குக் காது கொடுக்காமல் நடந்து போனாள். அவள் நடந்த தடம் படச்சுருளோடு சேர்ந்து அழிந்துவிடக் கூடாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம் எதுவும் இருந்தால், குப்பையில் போட்டுவிடாதீர்கள்.