பாட்டனாரின் தொப்பி

புகழ்பெற்ற ஒருவரின் பெயரனாகப் பிறப்பது பெரும்பேறு என்பர். அப்பேறே சிலர்க்குச் சுமையாகவும் அமைந்துவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 23ஆம் குடியரசுத் தலைவராக விளங்கிய பெஞ்சமின் ஹாரிசன் அச்சுமையை வாழ்நாள் முழுதும் தாங்கியவர்.

1833 ஆகஸ்ட் 20ஆம் நாள், ஒகையோ மாநிலத்து நார்த் பெண்ட் என்னும் ஊரில், பாட்டனார் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் இல்லத்தில் அவர் பிறந்தார். படைத்தலைவராகப் பெயர்பெற்ற அப்பாட்டனார் 1841இல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்று, ஒரே திங்களில் மறைந்தார். பெயரனுக்கு அப்போது வயது 7. பாட்டனாரின் அன்பை அவர் நெடுநாள் துய்க்கவில்லை. பெயர் மட்டுமே உடன் வந்தது.

1853இல் கரோலின் ஸ்காட் என்னும் நங்கையை மணந்தார். சின்சினாட்டியில் சட்டம் பயின்று, மறு ஆண்டு இந்தியானாபோலிஸ் நகரில் குடியேறினார். தொடக்கத்தில் வழக்குகள் அரிதாகவே வந்தன. நீதிமன்றத்தில் பெயர் கூவி அழைக்கும் பணியையும் ஏற்று, நாளொன்றுக்கு இரண்டரை டாலர் ஊதியம் பெற்றார்.

உள்நாட்டுப் போர் மூண்டது. 1862இல் லிங்கனின் அழைப்பை ஏற்று, இளம் மனைவியையும் மக்கள் இருவரையும் விட்டுப் படையிற் சேர்ந்தார். 70ஆம் இந்தியானா காலாட்படையைத் திரட்டி, அதனை நடத்திச் சென்றார். 1864 மே திங்களில் ஜார்ஜியாவின் ரெசாக்கா களத்தில் முன்னின்று பகைவரின் பீரங்கி அரண் ஒன்றைக் கைப்பற்றினார். பிறிதொரு போரின் இரவில் மருத்துவர்கள் உடனில்லாதபோது, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாமே வீரர்களின் புண்களுக்குக் கட்டுப் போட்டார். உயரம் குறைந்த அவரைச் சிறிய பென் என்று வீரர்கள் அன்புடன் அழைத்தனர்.

போருக்குப்பின் வழக்கறிஞராக அவர் பெயர் ஓங்கியது. படைநீதிமன்றம் தமக்குத் தண்டனை விதித்தது செல்லாது என்று தீர்ப்புப் பெற்ற மில்லிகன் என்பார், படை அதிகாரிகள்மீது இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார். 1871இல் அவ்வதிகாரிகளுக்காக வாதிட்டவர் ஹாரிசன். வழக்கு மில்லிகன் பக்கமே தீர்ந்ததெனினும், இழப்பீடாகக் கிடைத்தது 5 டாலரே.

1888இல் அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, பென்-ஹர் புதினத்தின் ஆசிரியர் லூ வாலஸ் அவர் வரலாற்றை எழுதினார். எதிர்ப்பாளரோ, பாட்டனாரின் பெருந்தொப்பிக்குள் புதைந்த சிற்றுருவமாக அவரைக் கேலிச்சித்திரம் வரைந்தனர். அவர் வென்றார்; ஆயினும் மக்களின் நேர்வாக்குகளில் எதிரியைவிடக் குறைவாகவே பெற்றிருந்தார். அவையில் உணர்ச்சியுறப் பேசுபவர், தனியே சந்திப்போரிடம் பனிப்பாறைபோல் இருக்கிறார் என்றனர்.

முன்னாள் படைவீரர்க்கு ஓய்வூதியத்தை விரிவாக்கிய 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒப்பமிட்டவர் அவரே. கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் மசோதாவை ஆதரித்தார். செனட் சபை அதனைக் கைவிட்டது. 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்னுமிடத்தில் லக்கோட்டா மக்கள் பெண்டிர் பிள்ளைகளோடு படையினரால் கொல்லப்பட்டதும் அவர் ஆட்சியிலேதான். அக்கறை நீங்காதது.

பனிப்பாறை என்றோர் காணாத ஹாரிசன் வெள்ளை மாளிகைக்குள் இருந்தார். மகளின் குடும்பமும் அங்கே வாழ்ந்தது. தம் பெயரையே தாங்கிய பேரன் பென் அவருக்கு உயிர். 1889இல் பேரக்குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்று அங்கே நிறுத்தப்பட்டது. ஒருநாள் பேரன் அமர்ந்த சிறு வண்டியை இழுத்துக்கொண்டு வெள்ளாடு ஒன்று வாயிலைக் கடந்து ஓடிற்றாம். நாட்டின் தலைவர் உயர்ந்த தொப்பியோடு, கைத்தடியை ஆட்டியவாறு பென்சில்வேனியா பெருவீதியில் பின்னே ஓடினார் என்பர். அன்று அவர் தலைக்குத் தொப்பி பெரிதா என எவரும் அளந்து பார்த்திருக்கமாட்டார்.

1892 அக்டோபரில் கரோலின் மறைந்தார். இரு கிழமைக்குள் தேர்தலும் கைவிட்டுப் போயிற்று. ஹாரிசன் பழைய நகருக்கும் பழைய தொழிலுக்கும் திரும்பினார். 1896இல், மறைந்த மனைவியின் உடன்பிறந்தாள் மகளும் கைம்பெண்ணுமான மேரி டிமிக்கை மணந்தார். மகனும் மகளும் அத்திருமணத்துக்கு வரவில்லை. பேரப்பிள்ளைகளின் ஆரவாரத்தில் திளைத்த முதியவர்க்கு அதனினும் பெரிய தண்டனை வேறில்லை. மறு ஆண்டு பிறந்த மகள் எலிசபெத் பேரக்குழந்தைகள் அனைவரிலும் இளையவள். தந்தையின் வழியில் அவளும் பின்னாளில் வழக்கறிஞரானாள்.

1899இல் பாரிஸ் நடுவர் மன்றத்தில், பிரிட்டனுக்கு எதிராக வெனிசுலாவின் எல்லை உரிமைக்குப் பல நாள் வாதிட்டார். தீர்ப்புப் பெரும்பாலும் பிரிட்டனுக்கே சார்பாயிற்று. 1901 மார்ச் 13ஆம் நாள் நிமோனியாவால் இயற்கை எய்தினார். கிரவுன் ஹில் இடுகாட்டில் கரோலினின் அருகே துயில்கிறார்.

உலகம் அவரைப் பாட்டனாரின் தொப்பியைக் கொண்டே அளந்தது. அவருடைய பேரனுக்கு அவ்வளவுகோல் வேண்டியிருக்கவில்லை. வெள்ளாட்டின் பின்னே மூச்சிரைக்க ஓடிவரும் தாத்தா ஒருவரே போதுமாயிருந்தது.