ஹென்றி கேவண்டிஷ்

ஹென்றி கேவண்டிஷ் (அக்டோபர் 10, 1731 – பெப்ரவரி 24, 1810) பிரித்தானிய இயற்பியலாளரும் வேதியியலாளரும் ஆவார். ஹைட்ரஜன் வளிமத்தைத் தனியொரு பொருளாக இனங்கண்டு அதன் பண்புகளை விளக்கியமை, நீர் ஒரு தனிமம் அன்று என்பதைக் காட்டும் சோதனைகளைச் செய்தமை ஆகியவற்றுக்காக இவர் அறியப்படுகிறார். 1797 – 1798 ஆண்டுகளில் புவியின் சராசரி அடர்த்தியை ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றின் மூலம் அளந்தமை இவரது புகழ்பெற்ற பணியாகும். இச்சோதனை இன்று கேவண்டிஷ் சோதனை என அழைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

கேவண்டிஷ், அக்காலத்தில் சார்டினிய அரசின் கீழ் இருந்த நீஸ் நகரில் பிறந்தார். தந்தை சார்ல்ஸ் கேவண்டிஷ், டெவன்சயர் கோமகனின் மகன். தாய் ஆன் கிரே, கென்ட் கோமகனின் மகள். ஹென்றிக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே தாய் காலமானார். ஹென்றி, லண்டனுக்கு அருகில் இருந்த ஹாக்னி என்னும் இடத்தில் பள்ளிக் கல்வி பெற்றார். 1749ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்து, 1753இல் பட்டம் பெறாமலேயே அங்கிருந்து வெளியேறினார்.

பின்னர் லண்டனில் தந்தையுடன் வாழ்ந்தார். தந்தையும் அறிவியலில் ஈடுபாடு கொண்டவர். வெப்பமானிகளை மேம்படுத்தியமைக்காக 1757இல் ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கத்தைப் பெற்றவர். அளவீடுகளில் ஹென்றி காட்டிய கவனத்துக்கு இந்த வீட்டுச் சூழலும் ஒரு காரணமாகும். 1760இல் ஹென்றி ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இயல்பு

தந்தையின் மறைவுக்குப் பின்னர் கேவண்டிஷ் இங்கிலாந்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார். எனினும் எளிய பழைய உடைகளையே அணிந்தார். மிகுந்த கூச்ச இயல்பு உடையவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. பணிப்பெண்களைச் சந்திப்பதைத் தவிர்ப்பதற்காகத் தேவைகளைச் சீட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். ஆனால் ராயல் சொசைட்டியின் கூட்டங்களுக்கும், அதன் உறுப்பினர்கள் வாரந்தோறும் கூடும் விருந்துக்கும் தவறாது செல்வார். தம் நூலகத்தை அறிஞர்கள் பயன்படுத்த அனுமதித்தார். அதிலிருந்து தாம் ஒரு நூலை எடுத்தாலும் பதிவேட்டில் குறித்துவிட்டே எடுப்பார்.

வளிமங்கள் பற்றிய ஆய்வு

1766இல் வெளியிட்ட கட்டுரையில், உலோகங்களின் மீது அமிலம் வினைபுரியும்போது வெளிவரும் எரியும் வளிமத்தைத் தனியொரு பொருளாக விளக்கி, அது காற்றைவிடப் பன்மடங்கு இலேசானது என்பதை அளந்து காட்டினார். இதுவே பின்னர் ஹைட்ரஜன் எனப் பெயர் பெற்றது. இக்கட்டுரைக்காக அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கப்பட்டது. 1784இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில், இவ்வளிமம் ஆக்சிஜனுடன் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கன அளவு விகிதத்தில் சேர்ந்து எரியும்போது நீர் உண்டாவதைக் காட்டினார்.

1785இல் காற்றில் உள்ள நைட்ரஜனை மின்பொறி மூலம் நீக்கியபோது, எவ்வளவு முயன்றும் ஒரு சிறு குமிழி எஞ்சி நின்றது. அது எடுத்துக்கொண்ட நைட்ரஜனில் 120இல் ஒரு பங்குக்கு மேற்படாது என்று அவர் குறித்து வைத்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின், 1894இல் ரேலி, ராம்சே ஆகியோர் ஆர்கான் வளிமத்தைக் கண்டறிந்தபோது இக்குறிப்பின் பொருள் விளங்கியது.

புவியின் அடர்த்தி பற்றிய சிக்கல்

ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை எனப்படும். இலங்கைப் பாடநூல்கள் இதனைத் திணிவு என்கின்றன. அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசை எடை ஆகும். ஒரு பொருளை நிலவுக்குக் கொண்டு சென்றால் அதன் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும், நிறை மாறாது. நிறையைக் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி.

பதினெட்டாம் நூற்றாண்டில் புவியின் ஆரம் நன்கு தெரிந்திருந்தது. எனவே கன அளவும் தெரியும். நிறை மட்டும் தெரியவில்லை. தராசில் வைத்து நிறுக்க இயலாத புவியின் நிறையை அறிய ஒரே வழி, நிறை தெரிந்த வேறொரு பொருளின் ஈர்ப்பைப் புவியின் ஈர்ப்போடு ஒப்பிடுவதாகும். புவி நீரைவிட ஐந்து அல்லது ஆறு மடங்கு அடர்த்தி கொண்டதாக இருக்கலாம் என ஐசாக் நியூட்டன் தம் பிரின்சிப்பியா நூலில் ஊகித்திருந்தார். 1774இல் நெவில் மாஸ்கெலின், ஸ்கொட்லாந்தின் சிகாலியன் மலை தூக்குநூலைத் தன்பக்கம் இழுக்கும் அளவை அளந்தார். அதிலிருந்து சார்ல்ஸ் ஹட்டன் புவியின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 4.5 மடங்கு எனக் கணித்தார். மலையின் நிறையை மதிப்பிட மட்டுமே முடியும்; நேரடியாக அளக்க முடியாது என்பது இம்முறையின் குறையாகும்.

கேவண்டிஷ் சோதனை

மலைக்கு மாற்றாக ஈயக் கோளங்களைப் பயன்படுத்தும் கருவி ஒன்றை ஜோன் மிச்செல் என்னும் பாதிரியார் வடிவமைத்தார். ஆனால் அதனைப் பயன்படுத்தும் முன்பே 1793இல் அவர் இறந்தார். பின்னர் கேவண்டிஷிடம் வந்து சேர்ந்த அக்கருவியை, அவர் பெரும்பகுதி புதிதாக அமைத்து, லண்டனின் கிளாப்பம் பகுதியில் இருந்த தம் இல்ல வளாகத்தில் நிறுவினார்.

ஆறு அடி (ஏறத்தாழ 1.8 மீட்டர்) நீளமுள்ள மரச்சட்டம் ஒன்று மெல்லிய கம்பியில் கிடையாகத் தொங்கவிடப்பட்டது. அதன் இரு முனைகளிலும் ஏறத்தாழ 0.73 கிலோகிராம் நிறையுள்ள சிறிய ஈயக் குண்டுகள் இருந்தன. அவற்றுக்கு அருகில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 158 கிலோகிராம் நிறையுள்ள இரு பெரிய ஈயக் கோளங்கள் வைக்கப்பட்டன. பெரிய கோளங்கள் சிறிய குண்டுகளை ஈர்க்கும்போது சட்டம் சிறிது திரும்பும், கம்பி முறுக்கப்படும். சட்டம் தடையின்றி ஊசலாட எடுக்கும் நேரத்தைக் கொண்டு கம்பியின் விறைப்பை அறியலாம். விறைப்பும் திரும்பிய அளவும் தெரிந்தால் ஈர்ப்பு விசையைக் கணிக்கலாம். ஓர் அலைவுக்கு முதற் கம்பியில் ஏறத்தாழ 15 நிமிடங்களும், பின்னர் மாற்றிய வலுவான கம்பியில் ஏறத்தாழ 7 நிமிடங்களும் ஆயின.

அளக்க வேண்டிய விசை, சிறிய குண்டின் எடையில் ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒரு பங்கு மட்டுமே. இதனால் மிகச் சிறிய காற்றோட்டமும் முடிவைக் கெடுத்துவிடும். ஒருவர் அருகில் நின்றால் அவர் உடல் வெப்பமே காற்றை அசைக்கும். ஆகவே கேவண்டிஷ் கருவியை மூடிய அறையில் வைத்தார். பெரிய கோளங்களை வெளியிலிருந்தே கப்பி மூலம் நகர்த்தினார். சுவரில் இட்ட துளைகள் வழியாகத் தொலைநோக்கி கொண்டு அளவுகோலைப் படித்தார்.

முதல் அளவீடுகளில் சில சீரற்ற மாற்றங்கள் தோன்றியபோது அவர் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. காந்த விளைவு காரணமாகுமோ என ஐயுற்று, கோளங்களைத் தாங்கிய இரும்புத் தண்டுகளைச் செப்புத் தண்டுகளாக மாற்றிப் பார்த்தார். கோளங்களை விளக்குகளால் சூடாக்கி, வெப்ப வேறுபாடு சட்டத்தை எவ்வளவு அசைக்கிறது எனத் தனியே ஆராய்ந்தார். ஒவ்வொரு பிழையின் மூலத்தையும் அறிந்த பின்னரே முடிவைக் கூறினார். சோதனையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 65.

கணக்கிடும் முறை

ஈர்ப்பு விசை நிறைக்கு நேர்விகிதத்திலும், மையங்களுக்கு இடையேயான தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும். இன்றைய அலகுகளில் தோராயமாகப் பின்வருமாறு கணிக்கலாம்:

பெரிய கோளத்தின் மையத்திலிருந்து சிறிய குண்டின் மையத்துக்கு உள்ள தூரம் 0.225 மீட்டர். புவியின் ஆரம் இதைப்போல் 2.83 கோடி மடங்கு. இதன் வர்க்கம் 8 × 10¹⁴. புவியின் ஈர்ப்பு, கோளத்தின் ஈர்ப்பைப்போல் ஏறத்தாழ 4.7 கோடி மடங்கு. எனவே புவியின் நிறை 158 × 8 × 10¹⁴ × 4.7 × 10⁷, அதாவது ஏறத்தாழ 6 × 10²⁴ கிலோகிராம். இதனைப் புவியின் கன அளவான 1.08 × 10²¹ கன மீட்டரால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

முடிவும் முக்கியத்துவமும்

1798இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான கட்டுரையில், புவியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு எனக் கேவண்டிஷ் அறிவித்தார். அவரது தரவுகளின் சரியான சராசரி 5.448 என்பதையும், கூட்டலில் ஒரு சிறு பிழை நேர்ந்துள்ளது என்பதையும் பின்னர் பிரான்சிஸ் பெய்லி கண்டறிந்தார். இன்று ஏற்கப்படும் அளவு 5.51. அளவீட்டில் அத்துணை கவனம் காட்டியவர் எளிய கூட்டலில் தவறியது வியப்பே. எனினும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுக்குள் அடங்குகிறது.

புவியின் மேற்பரப்புப் பாறைகளின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கே. எனவே புவியின் உட்பகுதி மிகவும் அடர்ந்த பொருளால் ஆனது என்பது இவ்வளவீட்டால் உறுதியாயிற்று. புவிக்குள் இரும்பு மிகுந்த கருவகம் உண்டு என்ற இன்றைய அறிவுக்கு இது ஒரு தொடக்கமாகும்.

கேவண்டிஷ் ஈர்ப்பு மாறிலியை அளந்தார் எனப் பாடநூல்கள் பலவற்றில் காணப்படுகிறது. அவர் தேடியது அடர்த்தியையே. மாறிலியாக எழுதும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்பட்டது. ஆயினும் அவர் முடிவிலிருந்து அம்மாறிலியை எளிதில் பெறலாம்.

வெளியிடப்படாத ஆய்வுகள்

தமக்கு முழு நிறைவு தராத எதனையும் கேவண்டிஷ் வெளியிடவில்லை. மின்னேற்றங்களுக்கு இடையேயான விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது என்பதை, 1785இல் கூலோம் வெளியிடுவதற்கு முன்பே அவர் சோதித்து அறிந்திருந்தார். மின்னோட்டத்தை அளக்கும் கருவி இல்லாத அக்காலத்தில், தம் உடலில் உணர்ந்த அதிர்ச்சியைக் கொண்டே மின்னோட்டங்களை ஒப்பிட்டார். 1827இல் ஓம் வெளியிட்ட விதியின் சாரத்தையும் இவ்வாறே அறிந்திருந்தார். இவை கையெழுத்துப் படிகளாகவே கிடந்தன. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அவற்றைப் பதிப்பித்து 1879இல் வெளியிட்டபோது, மற்றவர்கள் அதே உண்மைகளைத் தம் முயற்சியால் மீண்டும் கண்டறிந்து பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. பிழையைப் பொறுக்காத அவரது கண்டிப்பு புவியின் அடர்த்தியைத் தந்தது. அதே கண்டிப்பு மின்னியல் முடிவுகளை அவர் காலத்தவரிடமிருந்து மறைத்துவிட்டது.

இறப்பும் நினைவும்

கேவண்டிஷ் 1810ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் காலமானார். அவரது உடல் டார்பி நகரில், இன்று பேராலயமாக விளங்கும் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1874இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், அவரது குடும்பத்தைச் சேர்ந்த ஏழாவது டெவன்சயர் கோமகனின் நிதியுதவியுடன் அமைந்த ஆய்வகம் கேவண்டிஷ் ஆய்வகம் எனப் பெயர் பெற்றது. 1897இல் எலக்ட்ரானும் 1932இல் நியூட்ரானும் கண்டறியப்பட்டது இந்த ஆய்வகத்திலேயே ஆகும்.