பெயரையே மாற்றிக்கொண்ட அடிகள்

தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில், காட்டாங்கொளத்தூரை அடுத்து 'மறைமலைநகர்' என்று ஒரு நிலையம் வரும். அங்கே மலை எதுவும் மறைந்து நிற்கவில்லை, மாணவர்களே! மறைமலை என்பது ஒரு தமிழறிஞரின் பெயர். அது பெற்றோர் வைத்த பெயரும் அல்ல. 40 வயதில் அவரே உருவாக்கிக்கொண்டது.

அவருடைய இயற்பெயர் வேதாசலம். 1876ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் நாகப்பட்டினம் அருகே காடம்பாடியில் பிறந்தார். தந்தை இறந்ததால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. ஆனால் படிப்பதை அவர் விடவில்லை. புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளை என்ற புலவரிடம் தமிழ் நூல்களைப் பாடம் கேட்டார். ஆங்கிலமும் வடமொழியும் கற்றார். காளிதாசரின் சாகுந்தல நாடகத்தைத் தமிழுக்குக் கொண்டுவரும் அளவுக்கு அவருக்கு வடமொழி தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1898ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். இன்று தாம்பரத்தில் இருக்கும் கல்லூரிதான். அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்தது. அங்கே மூத்த ஆசிரியராக இருந்த சூரியநாராயண சாஸ்திரியார், தன் பெயரைப் 'பரிதிமாற்கலைஞர்' என்று தமிழாக்கிக்கொண்டவர். பரிதி என்றால் சூரியன், மால் என்றால் நாராயணன், கலைஞர் என்றால் சாஸ்திரி!

பிறகு பல்கலைக்கழகத்தில் தமிழ் கட்டாயப் பாடம் இல்லை என்று ஆனது. 1911ஆம் ஆண்டில் வேதாசலம் வேலையை விட்டுவிட்டு, பல்லாவரத்தில் குடியேறித் துறவு ஆடை பூண்டார்.

1916ஆம் ஆண்டு. பல்லாவரம் வீட்டுத் தோட்டத்தில் அவரும் மகள் நீலாம்பிகையும் உலாவிக்கொண்டிருந்தார்கள். நீலாம்பிகைக்கு அப்போது 13 வயது, உங்களில் சிலரின் வயதுதான். வள்ளலார் பாடல் ஒன்றைப் பாடும்போது அதில் 'தேகம்' என்ற சொல் வந்தது. அந்த இடத்தில் 'யாக்கை' என்ற தமிழ்ச் சொல் இருந்திருந்தால் இன்னும் இனிமையாக இருக்குமே என்றார் தந்தை. அப்படியானால் நாம் இனிமேல் பிறமொழி கலக்காமல் பேசினால் என்ன என்று கேட்டாள் மகள். அந்தக் கேள்வியில் இருந்துதான் தனித்தமிழ் இயக்கம் பிறந்தது என்பார்கள்.

வேதம் மறை ஆயிற்று; அசலம் மலை ஆயிற்று; சுவாமி அடிகள் ஆயிற்று. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அவர் நடத்திய 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆனது. பிள்ளைகளின் பெயரும் தப்பவில்லை. மகன் மாணிக்கவாசகம், மணிமொழி ஆனார்!

எல்லோரும் இதை ஏற்கவில்லை. பல நூற்றாண்டுகளாகக் கலந்துவிட்ட சொற்களைப் பிரிக்க முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான்.

இங்கிலாந்திலும் இப்படி ஒருவர் இருந்தார். வில்லியம் பார்ன்ஸ் என்ற பள்ளி ஆசிரியர், கவிஞர். ஆங்கிலத்தில் லத்தீன், கிரேக்கச் சொற்கள் பெருகிவிட்டனவே என்று வருந்தி, புதிய ஆங்கிலச் சொற்களைப் படைத்தார். போட்டோகிராஃப் என்பதற்கு 'சன்பிரிண்ட்', அதாவது வெயில் அச்சு. கிராமர் என்பதற்கு 'ஸ்பீச்கிராஃப்ட்', அதாவது பேச்சுக்கலை. அழகான சொற்கள்தான், ஆனால் வழக்கில் நிற்கவில்லை. 1886ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது வேதாசலத்துக்கு வயது பத்து.

தமிழில் மட்டும் எப்படி நின்றது? அடிகளுக்குப் பெரும்பாலும் புதுச்சொல் படைக்கும் வேலையே இல்லை. தேடி எடுக்கும் வேலைதான். யாக்கை என்ற சொல் திருக்குறளிலேயே இருக்கிறது. அவரோடு வேறு பலரும் உழைத்தார்கள். உங்கள் தாத்தாவின் தாத்தா காலத்துக் கூட்டங்களில் 'அக்கிராசனர்' இருந்தார், 'உபந்நியாசம்' நடந்தது. இன்று தலைவர் இருக்கிறார், சொற்பொழிவு நடக்கிறது. தோற்றவையும் உண்டு. காபிக்குக் 'குளம்பி' என்று பெயர் வைத்தார்கள்; கடையில் யார் அப்படிக் கேட்கிறார்கள்?

தோட்டத்தில் கேள்வி கேட்ட நீலாம்பிகை, வளர்ந்து தமிழறிஞர் ஆனார். வடசொற்களை வரிசைப்படுத்தி, அவற்றுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் தரும் அகரவரிசை நூலை எழுதினார். 1938ஆம் ஆண்டில் ஈ.வெ.ராமசாமிக்குப் 'பெரியார்' என்ற பட்டம் தந்த பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

அடிகள் 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மறைந்தார். பல்லாவரம் வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த சுமார் 4,000 புத்தகங்களைக் கொண்டு, 1958ஆம் ஆண்டில் சென்னையில் மறைமலையடிகள் நூலகம் தொடங்கப்பட்டது. அவற்றில் தமிழ் நூல்களோடு ஆங்கில நூல்களும் வடமொழி நூல்களும் இருந்தன.