சீருடை கழற்றிய தளபதி

வாள் வென்று தந்த நாட்டை வாளாலேயே ஆண்டோர் பலர். துருக்கியின் கமால் பாட்சாவோ, தளபதி உடையைக் கழற்றி எறிந்த அன்றுதான் நாட்டின் தலைவரானார்!

1881-இல் சலோனிகாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். 1915-இல் கல்லிப்போலியில் நேசநாட்டுப் படைகளைத் தடுத்து நிறுத்தியவர். எனினும் முதல் உலகப் போரில் துருக்கி தோற்றது. அந்நியப் போர்க்கப்பல்கள் கான்ஸ்டாண்டிநோபிளில் நங்கூரமிட்டன. சுல்தானோ, நாடு போனால் போகட்டும், அரியணை நிலைக்கட்டும் என்றிருந்தான்.

1919 மே 19-இல், சுல்தான் தந்த பதவியுடனேயே சாம்சன் துறைமுகத்தில் இறங்கினார் கமால். அந்தப் பதவியைக் கொண்டே மக்களைத் திரட்டினார். பொறுப்பார்களா அரண்மனையார்? திரும்பி வரச் சொன்னார்கள், மறுத்தார். ஜூலையில், எர்சுரூம் நகரில் இருந்தபோது பதவி பறிபோயிற்று. அவரோ படையிலிருந்தே விலகினார். பட்டமில்லை, பதவியில்லை, ஏவினால் ஓட ஒரு சிப்பாய் இல்லை! அவரைக் கைது செய்யுமாறு அங்கிருந்த படைத்தலைவர் காசிம் கராபெகிருக்குக் கட்டளை வந்தது. கராபெகிர் கைது செய்யவில்லை. தம்மையும் தம் படையையும் கமாலின் ஆணைக்கு ஒப்படைத்தார்!

1920 ஏப்ரலில் அங்காராவில் மக்கள் மன்றம் கூடிற்று. சுல்தானின் இராணுவ நீதிமன்றம் கமாலுக்கு மரண தண்டனை விதித்தது. 1921-இல் கிரேக்கப் படை நெருங்கியபோது, மன்றம் அவரைத் தலைமைத் தளபதியாக்கியது; மூன்றே மாதத் தவணைக்கு! சக்காரியா ஆற்றங்கரையில் 22 நாள் போர். 1922-இல் இஸ்மீர் மீண்டது, சுல்தான் ஆட்சி ஒழிந்தது. 1923 அக்டோபர் 29-இல் குடியரசு மலர்ந்தது.

படைத்தலைமையும் மன்ற உறுப்பினர் பதவியுமாக நடந்த இரட்டைச் சவாரி 1924-இல் நின்றது. 1928-இல் அரபு எழுத்து போய் இலத்தீன் எழுத்து வந்தது. களம் கண்ட கை சுண்ணக்கட்டி பிடித்தது, கரும்பலகையின் முன் ஊர் ஊராக! 1934-இல் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை.

களங்கமே இல்லையா? உண்டு, மறைப்பானேன்! கராபெகிரும் நண்பர்களும் 1924-இல் தொடங்கிய எதிர்க்கட்சி மறு ஆண்டே மூடப்பட்டது. 1926-இல், கமாலைக் கொல்லச் சதி என்று இஸ்மீரில் வழக்கு. பலர் தூக்குமேடை ஏறினர். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? அன்று எர்சுரூமில் கைது செய்ய மறுத்த அதே கராபெகிர்! விடுதலையானார், ஆனால் அரசியலிலிருந்து ஒதுக்கப்பட்டார்.

1938 நவம்பர் 10-இல் கமால் மறைந்தார். அதன் பிறகே கராபெகிர் மீண்டும் மன்றத்துக்குள் நுழைய முடிந்தது. 1946-இல் அதன் தலைவராக அமர்ந்தார்.