ஐந்து வருஷம் கேட்ட மனிதர்

புது வேலையில் சேருகிறவர்கள் முதல் நாளில் பெரிய வாக்குறுதிகள் கொடுப்பது உலக வழக்கம். ஹெர்பர்ட் சாப்மன் அப்படிச் செய்யவில்லை. 1925-ம் வருஷம் லண்டன் நகரத்து ஆர்ஸனல் கால்பந்து கிளப்புக்கு மானேஜராக அவர் வந்தார். நல்ல கோஷ்டி ஒன்றை உருவாக்கி வெற்றி காணத் தமக்கு ஐந்து வருஷம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டார்.

ஐந்து வருஷம்! தோல்விமேல் தோல்வி கண்டு அலுத்துப்போயிருந்த ரசிகர்களுக்கு அது எத்தனை நீண்ட காலம்! ஆனாலும் அவர்கள் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பின் கதைதான் சாப்மனுடைய வாழ்க்கைக் கதை.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

இங்கிலாந்தின் வட பகுதியில் யார்க்ஷயர் என்ற ஜில்லா இருக்கிறது. அங்கே கிவெட்டன் பார்க் என்ற சிற்றூரில் 1878-ம் வருஷம் ஜனவரி 19-ந் தேதி சாப்மன் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர் அது. தகப்பனாரும் சுரங்கத் தொழிலாளிதான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகன் படித்தான். ஷெபீல்டு நகரத் தொழிற்கல்லூரியில் சேர்ந்து சுரங்கப் பொறியியல் கற்றான்.

படிப்போடு பந்தும் வந்தது. ஆனால் சாப்மன் பெரிய ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர் அல்ல. அவருடைய தம்பி ஹாரிதான் வீட்டில் பேர்பெற்ற ஆட்டக்காரர். ஹெர்பர்ட் ஊர் ஊராக, கிளப் கிளப்பாக மாறிக்கொண்டிருந்தார். மஞ்சள் நிற பூட்ஸ் போட்டு ஆடுகிறவர் என்பதற்காகவே பலர் அவரை ஞாபகம் வைத்திருந்தார்கள்.

1907-ம் வருஷம் நார்த்தாம்ப்டன் டவுன் என்ற சின்னக் கிளப் அவரை மானேஜராக அழைத்தது. பட்டியலின் அடியில் கிடந்த கோஷ்டி அது. இரண்டே வருஷத்தில், 1909-ல், அது தெற்கு லீக்கில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. காலால் ஜெயிக்க முடியாதவர் மூளையால் ஜெயிக்கத் தொடங்கினார்.

தடையும் விடுதலையும்

1912-ல் அவர் லீட்ஸ் சிட்டி கிளப்புக்குப் போனார். அந்தக் கோஷ்டியும் முன்னேறியது. அதற்குள் முதல் உலக யுத்தம் வந்துவிட்டது. சாப்மன் யுத்த தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வை வேலைக்குப் போனார்.

யுத்தம் முடிந்ததும் பெரிய இடி விழுந்தது. யுத்த காலத்தில் விதிகளுக்கு விரோதமாக ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததாக லீட்ஸ் சிட்டி கிளப்பின்மேல் புகார் வந்தது. கிளப் தன் கணக்குப் புத்தகங்களைக் காட்ட மறுத்தது. 1919-ல் அந்தக் கிளப்பே லீக்கிலிருந்து விலக்கப்பட்டது. சாப்மனும் கால்பந்து உலகத்துக்குள் வரக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது.

வேறு ஒருவராக இருந்தால் அதோடு ஒதுங்கியிருப்பார். சாப்மன் பொறுத்திருந்தார். ஹடர்ஸ்பீல்டு டவுன் என்ற கிளப் அவருக்குத் துணை நின்றது. பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் அவர் தொழிற்சாலையில் இருந்தார் என்று எடுத்துக்காட்டவே, தடை நீங்கியது. 1921-ல் அவர் ஹடர்ஸ்பீல்டுக்கு மானேஜர் ஆனார். மறு வருஷமே கோப்பை! 1924-லும் 1925-லும் அடுத்தடுத்து லீக் வெற்றி! வேலை கொடுத்த கிளப்புக்கு அவர் செய்த கைம்மாறு அது.

அடிமட்டத்தில் ஆர்ஸனல்

வெற்றியின் உச்சியில் இருக்கும்போது ஒருவர் தோற்கிற கோஷ்டிக்குப் போவாரா? சாப்மன் போனார்.

ஆர்ஸனல் கிளப் 1886-ல் லண்டனில் பீரங்கித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. 1913-ல் வடக்கு லண்டனில் ஹைபரி என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அதுவரை பெரிய பரிசு ஒன்றைக்கூட அது பெற்றதில்லை. லீக்கின் முதல் பிரிவில் அன்று 22 கோஷ்டிகள். கடைசி இரண்டும் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும். 1925-ல் ஆர்ஸனலுக்குக் கிடைத்த இடம் 20. அதாவது, தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்!

கிளப் தலைவர் சர் ஹென்றி நாரிஸ் மானேஜர் தேவை என்று விளம்பரம் செய்தார். ஆட்டக்காரர்களை வாங்கப் பணத்தை வாரி இறைக்கிறவர்கள் மனுப் போட வேண்டாம் என்பது அதில் ஒரு நிபந்தனை. வந்து சேர்ந்தவர் சாப்மன். சம்பளம் வருஷத்துக்கு 2,000 பவுன். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது டைரக்டர்கள் வேலை என்று பல கிளப்புகளில் இருந்த காலம் அது. சாப்மன் அதற்கு இணங்கவில்லை. கோஷ்டியைப் பற்றிய பொறுப்பு முழுவதும் தம்முடையதே என்றார்.

ஏழு கோல்

முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில், பக்கத்துப் போட்டியாளரான டாட்டன்ஹாமுடன். அதிலேயே தோல்வி! அக்டோபர் 3-ந் தேதி நியூகாசில் நகரில் நேர்ந்தது அதைவிடப் பெரிய அவமானம். ஏழு கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல் ஆர்ஸனல் திரும்பியது.

அந்த வருஷம்தான் ஆப்சைடு விதி மாறியிருந்தது. முன்பு, பந்தைப் பெறுகிற ஆட்டக்காரருக்கு முன்னால் எதிர்க் கோஷ்டியார் மூன்று பேராவது இருக்க வேண்டும். இப்போது இரண்டு பேர் இருந்தால் போதும் என்று ஆயிற்று. அதனால் எங்கும் கோல் மழை பொழிந்தது. சார்லி புக்கன் என்ற அனுபவசாலி ஆட்டக்காரர் ஒரு யோசனை சொன்னார். நடு மைதானத்தில் உலாவும் சென்டர் ஹாபைப் பின்னால் இழுத்து, இரண்டு பேக்குகளுக்கும் நடுவே காவல் நிறுத்த வேண்டும் என்பது அந்த யோசனை. தாம் மானேஜர், அவர் ஆட்டக்காரர் என்று சாப்மன் பார்க்கவில்லை. யோசனையை ஏற்றுக்கொண்டார். இரண்டே நாளில் வெஸ்ட் ஹாம் கோஷ்டியை ஆர்ஸனல் 4 கோலுக்கு ஜெயித்தது. அந்தப் பருவம் முடியும்போது அதற்குக் கிடைத்தது இரண்டாவது இடம்.

ஐந்து வருஷம் எதற்கு, அடுத்த வருஷமே முதலிடம் என்று ரசிகர்கள் எண்ணியிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. ஆனால் நடந்தது வேறு. அடுத்த வருஷம் 11-வது இடம். அதற்கடுத்து 10. பிறகு 9. ஆமை நடை!

கை நழுவிய பந்து

இடையில் ஒரு பெரிய ஏமாற்றமும் வந்தது. 1927-ம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி ஆர்ஸனல் முதல் தடவையாகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஆடியது. வெம்பிளி மைதானத்தில் இடம் கிடைக்காதவர்களும் வீட்டில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கோப்பை இறுதி ஆட்டம் ரேடியோவில் ஒலிபரப்பானது அதுவே முதல் தடவை.

எதிரி, வேல்ஸ் நாட்டுக் கார்டிப் சிட்டி. ஆர்ஸனலின் கோல் காவலர் டான் லூயிஸும் வேல்ஸ் நாட்டவரே. ஆட்டம் முடிய இன்னும் கால் மணி நேரமே இருந்தது. சாதாரணமாக வந்த ஒரு பந்தை லூயிஸ் பிடித்தார். பந்து கையிடுக்கில் நழுவி, மெல்ல உருண்டு, கோட்டைத் தாண்டிவிட்டது. அந்த ஒரே கோலில் கோப்பை போயிற்று. மனம் உடைந்த லூயிஸ் தமக்குக் கிடைத்த மெடலையே வீசி எறிந்தார். கூட ஆடியவர்கள்தான் அதை எடுத்து வந்தார்கள்.

சாப்மன் அவரை விரட்டவில்லை. அதற்குப் பிறகும் சில வருஷங்கள் லூயிஸ் ஆர்ஸனலின் கோல் காவலராக ஆடினார். ரசிகர்களிடம் பொறுமையைக் கேட்டவர், தம் ஆட்டக்காரர்களிடமும் அதே பொறுமையைக் காட்டினார். ஊருக்கு உபதேசம் செய்கிறவர் அல்ல அவர்.

ஒவ்வொரு கல்லாக

பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு ஆர்ஸனல் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றியது. முணுமுணுப்பும் எழாமல் இல்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் மைதானத்துக்கு வந்தவர்கள் வேறு ஒன்றையும் பார்த்தார்கள். வருஷத்துக்கு ஓரிரண்டு புதுமுகங்கள் வந்துகொண்டிருந்தன.

ஆஸ்வெஸ்ட்ரி என்ற சிற்றூர்க் கோஷ்டியிலிருந்து ஹெர்பி ராபர்ட்ஸ் வந்தார். விலை 200 பவுன். புக்கன் சொன்ன அந்த நடுக் காவல் பிறகு அவருடைய வேலையாயிற்று. பால் வண்டி ஓட்டிப் பிழைத்த எட்டி ஹாப்குட் இடது பக்கக் காவலுக்கு வந்தார். 1928-ல் டேவிட் ஜாக் என்ற ஆட்டக்காரரைப் போல்ட்டன் கிளப்பிடமிருந்து வாங்க, 10,000 பவுனுக்கும் மேலே கொடுத்தார் சாப்மன். ஓர் ஆட்டக்காரருக்கு அவ்வளவு விலை உலகம் அதுவரை கண்டதில்லை. 1929-ல் குள்ளமான அலெக்ஸ் ஜேம்ஸ் வந்தார். அதே வருஷம் 17 வயதுப் பையன் கிளிப் பாஸ்டின் வந்தான். வேறு ஓர் ஆட்டக்காரரைப் பார்க்கப் போன இடத்தில் சாப்மன் கண்டெடுத்த ரத்தினம் அவன்!

முழங்காலில் அடிபட்டு ஆட முடியாமல் போன டாம் விட்டேக்கர் என்ற ஆட்டக்காரரைக்கூட அவர் கைவிடவில்லை. கோஷ்டியின் பயிற்சியாளராக்கினார். அந்த விட்டேக்கரே 1947-ல் ஆர்ஸனலுக்கு மானேஜரானார்.

வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்துக்குச் செலவிடும் நாட்களில் தெருவில் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சுவர் எழும்பும்போதுதான் தெரியும். சாப்மனும் அப்படித்தான் கட்டினார்.

ஐந்தாவது வருஷம்

வாக்குக் கொடுத்த ஐந்தாவது வருஷமும் வந்தது. கோஷ்டி முன்னேறியதா? இல்லை! லீக்கில் இன்னும் கீழே இறங்கியது. பருவம் முடியும்போது 14-வது இடம். பெரிய விலை கொடுத்து வாங்கிய அலெக்ஸ் ஜேம்ஸ் முதலில் சரியாகப் பொருந்தவில்லை. குறை சொல்ல ஆட்கள் ஏராளம். சாப்மன் அவருக்குச் சில நாள் ஓய்வு கொடுத்தார். பிறகு மறுபடி களத்தில் இறக்கினார். தாமே கோல் போடுவதை விட்டு, மற்றவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கும் புதிய வேலையை ஜேம்ஸ் கற்றுக்கொண்டார்.

லீக்கில் தடுமாறிய ஆர்ஸனல், கோப்பைப் போட்டியில் மட்டும் தட்டுத் தடுமாறி முன்னேறியது. அரை இறுதியில் ஹல் சிட்டியிடம் முதலில் இரண்டு கோல் வாங்கியது. பிறகு சமன் செய்து, மறு ஆட்டத்தில் ஒரே கோலில் ஜெயித்தது.

1930-ம் வருஷம் ஏப்ரல் 26. வெம்பிளியில் இறுதி ஆட்டம். எதிரே நின்றது எந்தக் கோஷ்டி தெரியுமா? சாப்மன் முன்பு வளர்த்த அதே ஹடர்ஸ்பீல்டு! அவருக்கு மரியாதை செய்யும் முறையில் இரண்டு கோஷ்டியாரும் ஜோடியாக ஒன்றாய் மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். ஆட்டத்தின் நடுவே ஜெர்மன் நாட்டு கிராப் செப்பலின் ஆகாயக் கப்பல் மைதானத்தின்மேல் பறந்து சென்றது. முதல் கோலை அடித்தவர் யார்? பொருந்தாதவர் என்று பேசப்பட்ட அலெக்ஸ் ஜேம்ஸ்தான். இரண்டாவது கோல் ஜாக் லாம்பர்ட் போட்டது. ஆர்ஸனலுக்கு முதல் கோப்பை!

சொன்ன சொல் பலித்தது. சரியாக ஐந்து வருஷம்! காயம் காரணமாக டான் லூயிஸ் மட்டும் அன்று ஆட முடியவில்லை. இந்தக் கதையில் வருத்தம் தரும் விஷயம் அது ஒன்றுதான்.

நட்டவர் காணாத அறுவடை

அதற்குப்பின் வெற்றிமேல் வெற்றி. 1931-ல் லீக்கில் முதலிடம். அந்தப் பருவத்தில் போட்ட கோல்கள் 127. லண்டன் நகரத்துக் கோஷ்டி ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. 1933-ல் மறுபடி முதலிடம். மைதானத்துக்குப் பக்கத்திலிருந்த சுரங்க ரயில் நிலையத்துக்கு 1932-ல் ஆர்ஸனல் என்று பெயர் வைக்கச் செய்தவரும் சாப்மனே. சட்டை முதுகில் எண் வேண்டும், இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆட வேண்டும் என்றெல்லாம் அவர் சொன்னபோது, சங்கத்தார் இணங்கவில்லை. பிற்காலத்தில் இரண்டும் நடைமுறைக்கு வந்தன.

1934-ம் வருஷம் பிறந்ததும் சாப்மனுக்குக் கடும் ஜலதோஷம். ஓய்வெடுக்கும்படி பிறர் சொன்னதை அவர் கேட்கவில்லை. குளிரில் போய்த் தம் கிளப்பின் மூன்றாம் கோஷ்டிப் பையன்கள் ஆடுவதைப் பார்த்தார். நாளைக்கு வரப்போகிறவர்கள் அவர்கள் அல்லவா? ஜலதோஷம் நிமோனியா ஆயிற்று. ஜனவரி 6-ந் தேதி அதிகாலையில் அவர் காலமானார். வயது 55.

அன்று சனிக்கிழமை. ஹைபரியில் ஆட்டம் இருந்தது. தலைவரை இழந்த துக்கத்தோடு ஆட்டக்காரர்கள் மைதானத்தில் இறங்கி ஆடினார்கள். அந்தப் பருவத்தில் ஆர்ஸனலுக்கே முதலிடம். அடுத்த வருஷமும் அதற்கே. மூன்று வருஷம் தொடர்ந்து வெற்றி! முன்பு ஹடர்ஸ்பீல்டும் இப்படியே மூன்று வருஷம் தொடர்ந்து வென்றது. இரண்டு கோஷ்டிகளும் சாப்மன் கட்டியவை. இரண்டிலும் மூன்றாவது வெற்றி வந்தபோது அவர் அங்கே இல்லை.

ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். சாப்மனுக்குச் சிலை இருக்கிறது. ரயில் நிலையத்தில் அவர் வைத்த பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால் 11, 10, 9, 14 என்று கோஷ்டி தடுமாறிய அந்த நாலு வருஷமும், வாரக் கூலியில் ஒரு ஷில்லிங்கை எடுத்துவைத்து, மழையிலும் பனியிலும் வந்து நின்றவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் வராதிருந்தால் ஐந்தாவது வருஷம் என்று ஒன்று வந்திருக்காது. 1930-ல் வென்ற கோப்பையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.