தொலைக்காட்சி கண்ட பெயர்டு

தொலைவில் உள்ளார் பேசுவதைக் கேட்க வேண்டும், தொலைவில் நிகழ்வதைக் காண வேண்டும் என்னும் அவா மக்களுக்கு நெடுங்காலமாக இருந்துவந்தது. முன்னதைத் தொலைபேசியும் வானொலியும் நிறைவேற்றின. பின்னதை நிறைவேற்ற முயன்றோர் பலர். அவர்களுள், உயிருள்ள முகம் ஒன்றைத் திரையில் அசையக் காட்டி உலகை நம்பச் செய்தவர் ஜான் லோகி பெயர்டு. ஆயினும், அவர் வகுத்த முறை நிலைபெறவில்லை. அம்முறையும் அதற்கு மாறான மற்றொரு முறையும் ஒரே கட்டடத்தில் எதிரெதிராக நின்று போட்டியிட்டன. போட்டியில் அவர் முறை தோற்றது. அவர் வெற்றியைப் பற்றி எழுதினோர் பலர். அத்தோல்வியும் நாம் அறியத்தக்கதே.

பெயர்டு 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் பிறந்தார். அவருடைய ஊர், ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றின் கழிமுகத்தை அடுத்துள்ள ஹெலன்ஸ்பரோ. தந்தையார் கிறித்தவக் குருவாகப் பணியாற்றியவர். நான்கு மக்களுள் பெயர்டே கடைக்குட்டி. குழந்தைப் பருவத்தில் வந்த கடுநோய் அவர் உடலை மெலிவித்தது. அம்மெலிவு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. உடல் மெலிந்திருந்தும் உள்ளம் ஓய்ந்திருக்கவில்லை. பள்ளிச் சிறுவனாக இருந்தபொழுதே தம் வீட்டையும் நண்பர் வீடுகளையும் கம்பியால் இணைத்துத் தொலைபேசி நிலையம் ஒன்றை அமைத்தார். பின்னர்த் தம் இல்லத்துக்கு மின்விளக்கும் தாமே இட்டார்.

கிளாஸ்கோவில் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பின்னர்ப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். முதல் உலகப்போர் மூண்டமையால் பட்டப்படிப்பு முற்றுப்பெறவில்லை. படையிற்சேர முன்வந்தவரை உடல்நலமின்மை கருதித் திருப்பி அனுப்பிவிட்டனர். மின்வழங்கு நிறுவனம் ஒன்றில் சில காலம் பணிபுரிந்தார். அதன்பின் அவர் செய்த தொழில்களை எண்ணினால் வியப்பே தோன்றும். குளிர்காலத்தில் பாதத்துக்கு இதமளிக்கும் உட்காலுறைகளை விற்றார். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான டிரினிடாடுக்குச் சென்று பழப்பாகு காய்ச்சினார். பாகின் இனிமையை அவரினும் முன்னதாகப் பூச்சிகள் அறிந்துகொண்டமையால் அத்தொழில் நொடித்தது. தாய்நாடு திரும்பிச் சவர்க்காரம் விற்றார். காலுறை வாணிகம் ஓரளவு ஊதியம் தந்தது எனினும் எத்தொழிலும் அவரிடம் நிலைக்கவில்லை. 1923-ஆம் ஆண்டு உடல்நலம் குன்றி, இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்து நான்கு ஆகியிருந்தது. கையில் பொருள் இல்லை, தொழிலும் இல்லை. அந்நிலையில்தான் தொலைக்காட்சி முயற்சியைக் கைக்கொண்டார்.

அவர் பின்பற்றிய முறையின் அடிப்படை புதிதன்று. பால் நிப்கோ என்னும் ஜெர்மானியர் 1884-ஆம் ஆண்டிலேயே அதனைக் கருதிப் பதிவு செய்திருந்தார். வட்டமான தட்டு ஒன்றில், ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருளாகச் சிறு துளைகள் இடப்பட்டிருக்கும். தட்டுச் சுழலும்பொழுது ஒவ்வொரு துளையும் காட்சியின் மீது ஒரு வரியாக ஓடும். முதல் துளை ஒரு வரியையும் அடுத்த துளை அதனை அடுத்த வரியையும் தடவிச் செல்லும். தட்டு ஒருமுறை சுழன்று முடிவதற்குள் காட்சி முழுவதும் வரிவரியாகப் பார்க்கப்பட்டுவிடும். துளைவழி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வை ஒளிமின்கலம் மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வாக மாற்றும். மறுமுனையில் அம்மின்னோட்டத்தைப் பெறும் விளக்கு மங்கியும் பொலிந்தும் ஒளிர, அதன்முன் அதே விரைவில் மற்றொரு தட்டுச் சுழலும். கண்ணிற் பட்ட ஒளி நொடிப்பொழுது நிலைத்து நிற்பது இயல்பாதலின், ஓடும் ஒளிப்புள்ளிகள் ஒன்றுகூடி உருவமாகத் தோன்றும்.

கருத்து எளிது, செயல் அரிது. ஒளியை மின்னாக மாற்றும் கருவிகள் அந்நாளில் மிக மந்தமானவை. மாற்றிய மின்னோட்டமோ மிகச் சிறிது. பெயர்டு தம் கருவியை வாங்கவில்லை. கிடைத்தவற்றைக் கொண்டு கட்டினார். தொப்பி வைக்கும் பெட்டி, தேயிலைப் பெட்டி, தையல் ஊசிகள், மிதிவண்டி விளக்கின் கண்ணாடி வில்லைகள், அரக்கு, பசை ஆகியவையே அவருடைய தளவாடங்கள். 1924-ஆம் ஆண்டில் ஒரு நாள் ஆயிரம் வோல்ட்டு மின்சாரம் அவரைத் தாக்கி வீழ்த்தியது. கை தீய்ந்ததோடு உயிர் பிழைத்தார். அச்சமுற்ற கட்டட உரிமையாளர் இடத்தைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார். பெயர்டு கருவிகளைச் சுமந்துகொண்டு இலண்டன் மாநகரை அடைந்து, ஃபிரித் தெருவில் மாடி அறை ஒன்றில் குடியேறினார்.

1925-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் செல்ஃபிரிட்ஜ் என்னும் பெரிய பல்பொருள் அங்காடியில் தம் கருவியை மக்களுக்குக் காட்டினார். அப்பொழுது திரையில் தோன்றியவை நிழலுருக்களே. நிழலுக்கும் முகத்துக்கும் இடையே இருந்த தடையைக் கடக்க மேலும் சில திங்கள் தேவைப்பட்டன. கருவிக்கு வேண்டிய விளக்குகளின் வெப்பத்தை மனிதர் நெடுநேரம் தாங்க இயலாது. ஆதலால் பொம்மலாட்டக்காரர் பேசவைக்கும் பொம்மையின் தலை ஒன்றை விளக்குகளின் முன் வைத்து ஆய்ந்தார். அதற்கு ஸ்டூக்கி பில் என்பது பெயர். அக்டோபர் 2-ஆம் நாள், அப்பொம்மையின் முகம் ஒளியும் நிழலும் இடைப்பட்ட சாயல்களும் விளங்கத் திரையில் தோன்றியது. பெயர்டு கீழ்த்தளத்துக்கு விரைந்தோடி, அங்கிருந்த அலுவலகத்தின் ஏவல் இளைஞர் ஒருவரை அழைத்துவந்து பொம்மையின் இடத்தில் அமர்த்தினார். வெப்பத்துக்கு அஞ்சிய அவ்விளைஞர் பின்வாங்கவே, சிறிது பணம் கொடுத்து இருக்கச் செய்தார். தொலைக்காட்சியில் முதன்முதல் தோன்றிய மனித முகங்களுள் ஒன்று இவ்வாறு கூலிபெற்ற முகம் ஆயிற்று!

1926 ஜனவரி 26-ஆம் நாள் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் அம்மாடி அறைக்கு வந்து கண்ணாற் கண்டனர். அதன்பின் பெயர்டின் புகழ் விரைந்து பரவியது. 1927-இல் இலண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்குத் தொலைபேசிக் கம்பி வழியே 438 மைல் தொலைவு படம் சென்றது. 1928-இல் அட்லாண்டிக் கடலையே தாண்டி நியூயார்க்கு அருகில் படம் தோன்றியது. அவ்வாண்டிலேயே வண்ணப்படமும் காட்டினார். 1929 செப்டம்பர் 30 முதல் பி.பி.சி. நிலையம் அவருடைய முறையில் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கியது.

வீடுகளில் வைப்பதற்கென அவர் நிறுவனம் வெளியிட்ட கருவிக்கு டெலிவைசர் என்பது பெயர். அதனுள் தட்டுச் சுழலும். தட்டின் பின்னே நியான் விளக்கு ஒளிரும். சிறிய வில்லை வழியே பார்ப்போருக்குச் செம்மஞ்சள் நிறத்தில் உருவம் தெரியும். படம் முப்பதே வரிகளால் ஆனது. ஒருவர் முகத்தை அறியலாம். இருவர் நின்றால் குழப்பமே. மாணவர்களே, நியான் போன்ற வளி மின்சாரத்தால் ஒளிவிடும் இவ்வியல்பு பிற்காலத்திலும் வீட்டுக்குள் வந்தது. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்.சி.டி. திரையா, பிளாஸ்மாத் திரையா என்று குடும்பங்கள் கடைகளில் நின்று எண்ணிப் பார்த்த நாளில், பிளாஸ்மாத் திரையின் ஒவ்வொரு நுண்ணறையிலும் நியானும் செனானுமே மின்னால் தூண்டப்பட்டன. கரிய நிறத்தை ஆழமாகக் காட்டுவதில் அது சிறந்தது. எனினும் மின்செலவும் எடையும் குறைந்து, வெளிச்சமான அறையிலும் நன்கு தெரிந்த எல்.சி.டி. திரையே சந்தையைக் கைப்பற்றியது. 2014-ஆம் ஆண்டளவில் பெருநிறுவனங்கள் பிளாஸ்மாத் திரை செய்வதை விடுத்தன. அப்போட்டியை வாங்குவோரின் பணம் தீர்த்தது. பெயர்டின் காலத்துப் போட்டியைத் தீர்த்ததோ அரசு.

அப்போட்டி எழுந்த காரணத்தை நோக்குவோம். படம் தெளிவடைய வேண்டுமாயின் வரிகள் பெருக வேண்டும். வரிகள் பெருகினால் தட்டில் துளைகள் பெருகும். துளைகள் பெருகினால் ஒவ்வொன்றும் நுண்ணிதாகி, உட்புகும் ஒளி குறையும். தட்டோ பெரிதாகி, மேலும் விரைந்து சுழல வேண்டும். சுழலும் பொருளின் விரைவுக்கு ஓர் எல்லை உண்டு. எலக்ட்ரான் என்னும் மின்னணுக்களின் கற்றைக்கோ எடை இல்லை எனலாம். காந்தத்தால் அதனை நினைத்தவாறு வளைத்து ஓடச்செய்யலாம். இருமுனையிலும் இக்கற்றையையே பயன்படுத்தலாம் என்று கேம்பெல் சுவின்டன் என்னும் அறிஞர் 1908-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். இ.எம்.ஐ. நிறுவனத்தில் ஐசக் ஷோன்பர்க் என்பவரின் தலைமையில், ஆலன் பிளம்லின் முதலிய ஆற்றல்மிக்க இளைஞர்கள் அவ்வழியில் உழைத்து, எமிட்ரான் என்னும் மின்னணுப் படப்பொறியை ஆக்கினர். பெயர்டு இவ்வழியின் வலிமையை உரிய காலத்தில் மதிப்பிடவில்லை என்றே கூறவேண்டும். தம் கையால் கட்டிய ஒன்றைக் கைவிடுதல் எவர்க்கும் எளிதன்று. அவர் நிறுவனமும் இதற்குள் பிறர் ஆட்சிக்கு உட்பட்டுவிட்டது.

அரசு அமைத்த செல்ஸ்டன் குழு, இரு முறைகளையும் மாறிமாறி ஒளிபரப்பிச் சோதிக்குமாறு 1935-இல் பரிந்துரைத்தது. இலண்டனின் வடபால் குன்றின்மேல் உள்ள அலெக்சாண்டிரா மாளிகையில் இருவருக்கும் தனித்தனி அரங்குகள் அமைந்தன. 1936 நவம்பர் 2-ஆம் நாள் ஒளிபரப்புத் தொடங்கியது. எம்முறை முந்துவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தனர். பெயர்டின் முறைக்கே முதலிடம் கிடைத்தது. ஆனால் விழா மேடையில் பெயர்டுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் பெயர்டு முறை, மறுவாரம் மார்க்கோனி-இ.எம்.ஐ. முறை என ஒளிபரப்பு நடந்தது. வீட்டுக் கருவிகளில் இரண்டுக்கும் எதிர்மின் கதிர்க்குழாயே திரையாக விளங்கியது; முறை மாறும்பொழுது திருப்புவதற்கு ஒரு விசை இருந்தது. ஒரு கருவியின் விலை நூறு பவுன் அளவில் இருந்தமையால், செல்வர் சிலரே வாங்கினர். பெயர்டு முறையில் 240 வரிகள். மற்றதில் 405 வரிகள். மேலும், பின்னது முதலில் ஒற்றைப்படை வரிகளையும் பிறகு இரட்டைப்படை வரிகளையும் வரைந்தமையால் படம் துடிக்காமல் நின்றது. இடர்ப்பாடு மிகுதியாக இருந்தது அரங்கினுள்ளேதான். பெயர்டின் அரங்கில் நிகழ்ச்சியை முதலில் திரைப்படச் சுருளில் எடுத்து, உடனே மருந்துநீர்த் தொட்டிகளில் கழுவி, ஈரம் உலருமுன்பே ஒளியால் தடவி அனுப்பினர். இதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் சென்றது. தொட்டிகளோடு பிணைந்த படப்பொறியை நகர்த்த இயலாது. அறிவிப்பாளரோ இருட்டறையில் அமர்ந்து, முகத்தில் ஓடும் ஒளிப்புள்ளியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எமிட்ரானை நடிகர் பின்னே உருட்டிச் செல்லலாம். தோட்டத்துக்கும் கொண்டு செல்லலாம். இரண்டு அரங்கிலும் பணியாற்றியவர்களுக்கு எது ஏற்றது என்பது சில நாட்களிலேயே விளங்கிவிட்டது.

துன்பம் தனித்து வரவில்லை. நவம்பர் 30-ஆம் நாள் இரவு, பெயர்டு நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்கள் இருந்த படிக மாளிகை தீப்பற்றி அழிந்தது. புதிதாக உருவாக்கி வந்த கருவிகள் பல சாம்பலாயின. 1937 பிப்ரவரியில், இனி மார்க்கோனி-இ.எம்.ஐ. முறை ஒன்றே பயன்படும் என்று அரசு அறிவித்தது. மூன்று திங்களில் எல்லாம் முடிந்தது. அவ்வாண்டு மே 12-ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை எமிட்ரான் பொறிகள் தெருவோரத்தில் நின்று வீடுகளுக்குக் காட்டின.

பெயர்டு முடங்கிவிடவில்லை. 1939-இல் போர் மூண்டதும் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அவர் நிறுவனமும் வீழ்ந்தது. தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, இலண்டனில் தம் இல்லத்தை ஒட்டிய கூடத்தில் குண்டுவீச்சுக்கு நடுவே வண்ணத் தொலைக்காட்சியை ஆய்ந்தார். இம்முறை அவர் பற்றிக்கொண்டது, தம்மைத் தோற்கடித்த எலக்ட்ரான் கற்றையையே. 1944 ஆகஸ்டு 16-ஆம் நாள் டெலிக்ரோம் என்னும் குழாயைச் செய்தியாளர்களுக்குக் காட்டினார். அதனுள் மெல்லிய தகடு ஒன்று இருந்தது. அதன் ஒரு பக்கம் செம்மஞ்சளாகவும் மறுபக்கம் நீலப்பச்சையாகவும் ஒளிரும் பூச்சுடையது. இரு கற்றைகள் இருபுறமும் பாய, வண்ண உருவம் தோன்றியது. சுழலும் தட்டு ஏதும் அதில் இல்லை.

போர் முடிந்ததும் 1946 ஜூன் 7-ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சி மீண்டும் தொடங்கியது. 405 வரி முறையிலேயே தொடங்கியது. அப்பொழுது பெயர்டு, கடற்கரை ஊராகிய பெக்ஸ்ஹில்லில் நோயுற்றுப் படுத்திருந்தார். ஜூன் 14-ஆம் நாள் தம் ஐம்பத்தேழாம் வயதில் உயிர் நீத்தார். ஹெலன்ஸ்பரோவில் பெற்றோர் துயிலும் இடத்தில் அவருடலை அடக்கம் செய்தனர். டெலிக்ரோம் குழாயை மேற்கொண்டு செய்து முடிப்பார் இல்லை. 1950-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் வேறொரு வழியில் வண்ணப் படக்குழாயைச் செய்து காட்டியது. பின்னர் வீடுகளுக்கு வந்தது அதுவே.